பழைய காரில் கூலன்ட் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சினைக் குளிரவைக்க அதற்குள் சுற்றிவரும் திரவம்தான் கூலன்ட். அது ஒழுகுவது பற்றிப் பழைய கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கசிவைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள் என்பதைப் பல பதில்களில் வேறு வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். ரேடியேட்டர் மூடியையோ, பிரஷர் தாங்கும் டேங்க்கின் மூடியையோ எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். திறந்த நொடியில் உள்ளே இருப்பது கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல்பக்கத்துத் தடித்த ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸை, கையால் தயக்கமில்லாமல் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு திறங்கள்.

கார் நிக்கிற இடத்துல தரை ஈரமா இருக்கு. ஏசி தண்ணியா, கூலன்ட்டா?

விரலால் தொட்டுப் பாருங்கள். ஏசியிலிருந்து வருவது வெறும் தண்ணீர். நிறமோ வாசனையோ இருக்காது, காய்ந்தால் தடமும் இருக்காது. கூலன்ட் விரலிடுக்கில் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாசனை அடிக்கும், காய்ந்த இடத்தில் பொடி பூத்தது போலத் தடம் விடும். ஏசித் தண்ணீர் பெரும்பாலும் முன்பக்கப் பயணியின் காலடிக்கு நேர் கீழே சொட்டும். முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ஈரம் என்றால் ரேடியேட்டர் பக்கம் சந்தேகப்படலாம்.

வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய காராக இருந்தால் இந்த அடையாளங்கள் உதவாது. ஒரு நாள் ஏசி போடாமல் ஓட்டி, நிறுத்திய இடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். அப்போதும் நனைந்தால் அது ஏசி இல்லை. நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அந்த இனிப்புக்காக நாயும் பூனையும் தேங்கியதை நக்கும். அதனால் சிந்தியதைத் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

டேங்க்ல அளவு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உடனே கசிவுன்னு முடிவு பண்ணலாமா?

பண்ண வேண்டாம். சூடானால் கூலன்ட் விரியும், ஆறினால் சுருங்கும். ஓட்டி வந்த கையோடு பார்த்ததையும் மறுநாள் காலையில் பார்த்ததையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமதரையில், டேங்க்கின் வெளிப்பக்கம் அளவு நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு தேதியை எழுதி வையுங்கள். அதே நிலையில் வாரம் ஒருமுறை பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கிக்கொண்டே போனால் தேட ஆரம்பிக்கலாம்.

தினமும் தண்ணி ஊத்திட்டு ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே?

இன்று ஆகவில்லை, அவ்வளவுதான். ஊற்ற ஊற்ற உள்ளே இருக்கும் கூலன்ட் நீர்த்துப்போகிறது. துருப்பிடிக்காமல் காக்கும் சரக்கும் அதோடு குறைகிறது. குழாய்த் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படியும். சிறிய கசிவோடு வந்த கார், அடைத்த ரேடியேட்டரோடும் துருப்பிடித்த எஞ்சினோடும் போய் நிற்பது இப்படித்தான்.

வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரத் தண்ணீர் ஊற்றுவதில் தப்பில்லை. ஆனால் கொதித்து நிற்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் வெடிப்பு விடலாம். ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

சரி, தேட எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

சொட்டு விழும் இடத்திலிருந்து அல்ல, ஈரம் தொடங்கும் இடத்திலிருந்து. மேலே கசிந்தது எஞ்சினின் உடம்பில் வழிந்து, ஏதாவது ஒரு போல்ட்டின் நுனிக்குப் போய் அங்கிருந்து சொட்டும். ஓடும்போது விசிறிக் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டு விழும் இடம் பெரும்பாலும் பொய் சொல்லும். டார்ச்சை வைத்துக்கொண்டு ஈரத்தைப் பின்தொடர்ந்து மேலே போங்கள். இதற்கு மேல் ஈரமில்லை என்று ஓர் இடம் வரும். கசிவு அங்கேதான், அல்லது அதற்கு மிக அருகில்.

ஈரம் காய்ந்திருந்தால் தடத்தைத் தேடுங்கள். சூடான உலோகத்தில் கூலன்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ, கூலன்ட்டின் நிறத்திலோ பொருக்கு கட்டும். ஹோஸ் மாட்டியிருக்கும் கழுத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்பைச் சுற்றி இந்தப் பொருக்கு மோதிரம் போல வளைந்திருந்தால், அது அங்கே நெடுநாளாகக் கசிகிறது என்று அர்த்தம். பழைய எஞ்சினில் எண்ணெயும் தூசியும் அப்பியிருப்பதால் இது கண்ணில் படாமல் போகலாம். முதலில் எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். சுத்தமான எஞ்சினில் புதுக் கசிவு தானாகத் தெரியும். இந்த ஒரு வேலையைச் செய்யப் பலருக்கும் பொறுமையில்லை. அதற்குள் கூலன்ட்டைச் சுற்றி ஓடவைக்கும் வாட்டர் பம்ப் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள்.

பழைய கார்ல பொதுவா எந்த இடமெல்லாம் ஒழுகும்?

ரப்பரும் பிளாஸ்டிக்கும் முதலில். ஹோஸ்கள் நுனியில், கிளாம்ப்புக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும். ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் அமுக்கிப் பாருங்கள். சொதசொதவென்று அமுங்கினாலோ, அமுக்கும்போது உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, ஓரிடம் மட்டும் உப்பியிருந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. பல அலுமினிய ரேடியேட்டர்களில் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ பிளாஸ்டிக் டேங்க் இருக்கும். அதை அலுமினியத்தோடு மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பில் கசியும், அல்லது பிளாஸ்டிக்கிலேயே முடி போல வெடிப்பு விடும். சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடு பிளாஸ்டிக்காக இருந்தால் அதையும் விடாதீர்கள்.

வாட்டர் பம்ப்பின் உடம்பில், தண்டு வெளியே வரும் பகுதிக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு சிறிய துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரட்டும் என்பதற்காக. அங்கிருந்து தொடர்ந்து ஒழுகினால் துளையை அடைக்காதீர்கள், பம்ப்பை மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டால் சுற்றும் பம்ப் என்றால் அது பெல்ட் மூடிக்குப் பின்னால் இருக்கும். பெல்ட் மூடியின் அடியிலிருந்து சொட்டுவதுதான் வெளியே தெரியும். பெல்ட் கூலன்ட்டில் நனைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் நாணய வடிவில் வட்டத் தகட்டு மூடிகள் அடித்துப் பொருத்தியிருக்கும். வெறும் தண்ணீரில் ஓடிய கார்களில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துளை விடும். சில மூடிகள் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கையில் ஒரு சிறிய கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது.

ரேடியேட்டர் மூடியை மாத்தச் சொல்றாங்க. மூடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் அது சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி அதே கலவையின் கொதிநிலையை ஏறக்குறைய 129 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் காய்ந்தாலோ அந்த அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியேறிவிடும். எங்கும் ஓட்டையே இல்லாமல் கார் கூலன்ட்டை இழக்க இது ஒரு வழி.

மூடியில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்க்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ள அது திறக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டால், ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸ் சப்பிப்போயிருக்கும். டேங்க் நிரம்பியிருக்க, ரேடியேட்டர் மட்டும் குறைவாக இருக்கும். மூடியில் எழுதியிருக்கும் அழுத்த அளவைப் பார்த்து அதே அழுத்தத்துக்கான மூடியைத்தான் போட வேண்டும். கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி நல்லதுதானே என்று போட்டால் பழைய ஹோஸ்கள் அதைத் தாங்காது.

ராத்திரி நின்னாதான் சொட்டுது, ஓடி வந்ததும் பார்த்தா காஞ்சிருக்கு. எப்படி?

ஆறும்போது உலோகமும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. கிளாம்ப் தளர்ந்திருந்தால் குளிரில் ஒரு மயிரிழை இடைவெளி விடும், சூடேறியதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கசிவில் முதலில் ஹோஸ் மூட்டுகளைப் பாருங்கள். திருகி இறுக்கும் கிளாம்ப்பாக இருந்தால் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவாக இறுக்குங்கள். மிதமிஞ்சி இறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், பிளாஸ்டிக் கழுத்து உடையும். ஸ்பிரிங் கிளாம்ப் ரப்பர் சுருங்கினாலும் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், அது பழசு என்று கழற்றி எறிய வேண்டாம்.

நேர்மாறாக, சூடாக இருக்கும்போது மட்டும் கசிந்தால் அது அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் ஊசித் துளைகளும் இந்த ரகம். எஞ்சினை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் உள்ளே சூடு ஏறும். கசிவைப் பார்க்க அது நல்ல நேரம். மூடியைத் தொடாமல், விசிறியில் கை படாமல் பாருங்கள். நிறுத்திய பிறகும் மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம்.

பிரஷர் டெஸ்ட் பண்ணணும்னு சொல்றாங்க. அது என்ன, நானே பண்ணலாமா?

பண்ணலாம், கடினமில்லை. கைப்பம்ப் ஒன்றை மூடி இருக்கும் இடத்தில் பொருத்தி, ஆறிய எஞ்சினில் காற்றழுத்தம் கொடுப்பதுதான் சோதனை. எஞ்சின் ஓடாமல், விசிறி சுற்றாமல், கை சுடாமல், ஓடும்போது இருக்கும் அழுத்தம் கிடைக்கிறது. மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டு கால் மணி நேரம் கருவியின் அழுத்த முள்ளைப் பாருங்கள். அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் டார்ச்சோடு சுற்றி வாருங்கள், பெரும்பாலும் சீறலோ சொட்டோ தெரியும். மூடியையும் அதே கருவியில் தனியாகச் சோதிக்க ஒரு இணைப்பு வரும்.

ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கூலன்ட்டில் யுவி (புற ஊதா) சாயம் கலந்து சில நாட்கள் ஓட்டிவிட்டு, இருட்டில் யுவி விளக்கடித்துப் பார்க்கலாம். கசிந்த இடம் பளிச்சென்று ஒளிரும். எனக்குப் பிடித்தது பிரஷர் டெஸ்ட்தான்; ஆனால் எப்போதாவது ஒருமுறை மட்டும் கசியும் பிடிவாதக் கேஸ்களுக்குச் சாயமே சரி.

வெளிய ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா அளவு குறையுது. எங்க போகுது?

நான்கு வழிகள் உண்டு. முதலாவது, சூடான பாகத்தின் மேல் கசிந்து தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடுவது. மேலே சொன்ன பொருக்குத் தடம் இதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது மூடி, அதையும் மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது கார் உள்ளே இருக்கும் ஹீட்டர், அடுத்த கேள்வியில் பார்ப்போம். நான்காவதுதான் எல்லோரும் பயப்படுவது: எஞ்சினுக்கு உள்ளேயே போவது. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போனாலோ, சிலிண்டர் ஹெட் வெடித்தாலோ, சில எஞ்சின்களில் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட் போனாலோ இது நடக்கும். டீசல் கார்களில், எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் ஒழுகினாலும் எக்ஸாஸ்ட் வழியாகக் காணாமல் போகும்.

ஹெட் கேஸ்கட் என்று யாராவது சொன்ன உடனே எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் அடையாளங்களைச் சேருங்கள். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகுகிறதா? அப்படியென்றால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வருவது சகஜம், உள்ளே இருந்த காற்று அது. நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், கூலன்ட் நுழையும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியது போல மற்றவற்றைவிடச் சுத்தமாக இருக்கும்.

உறுதி செய்ய ஒரு ரசாயனச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாக மாறும். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒன்று, நிறம் மாறவில்லை என்பதால் மட்டும் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றாகாது. கூலன்ட் சிலிண்டருக்குள் போய், எரிந்த வாயு திரும்பி வராத கசிவும் உண்டு. அங்கே பிரஷரை இரவெல்லாம் ஏற்றி வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் வழி. உள்ளே கூலன்ட் தேங்கியிருக்கும் சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். திரவத்தை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும்.

கார் உள்ள இனிப்பா ஒரு வாசனை, முன்கண்ணாடியில மங்கலா படியுது. துடைச்சாலும் வழவழன்னு இருக்கு.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அது ஒரு குட்டி ரேடியேட்டர். ஹீட்டர் பக்கத்துக் காலடி விரிப்பைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள், மேலே காய்ந்து கீழே ஊறியிருக்கும். அதை மாற்றப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதுவரை சமாளிக்க, எஞ்சின் பக்கத்தில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். ஹீட்டர் வேலை செய்யாது, கசிவு நிற்கும். கூலன்ட் குறைவதும் அதோடு நின்றால் வியாதி எதுவென்றும் உறுதியாகிவிடும்.

ஆயில் மூடியைத் திறந்தா உள்ள வெள்ளையா பால் கலந்த மாதிரி இருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சா?

அவசரப்பட வேண்டாம். குறைந்த தூரம் மட்டுமே ஓட்டினால் எஞ்சின் முழுதாகச் சூடேறாது, உள்ளே படியும் ஈரம் மூடியில் இப்படித்தான் சேரும். ஆயில் அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்தால், ஒரு நீண்ட பயணம் போய்விட்டு மறுபடி பாருங்கள். குச்சியிலும் கலங்கியிருந்தால், அல்லது ஆயில் அளவு ஏறியிருந்தால், காரை ஓட்டாதீர்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதுண்டு. அது ஒழுகினால் கூலன்ட் டேங்க்கில் ரோஸ் நிறத்தில் நுரைத்த களிம்பு தெரியும். அதுவும் ஓட்டக்கூடாத கேஸ்.

கசிவை அடைக்கிற பொடி ஊத்தினா போதாதா?

ரேடியேட்டரில் ஊசித் துளை, ஊருக்கு வெளியே மாட்டிக்கொண்டீர்கள் என்றால் ஊற்றலாம். வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்க அதற்குத் தெரியாது, ஹீட்டர் கோரின் குறுகலான குழாய்களையும் அடைக்கும். ஹோஸ் வெடிப்பு, பம்ப் சீல் இரண்டுக்கும் அது வேலைக்காகாது.

டெம்பரேச்சர் முள் நடுவுலயேதான் இருந்துச்சு, ஆனா பானட்டுலேர்ந்து ஆவி வந்துச்சு. மீட்டர் கெட்டுப்போச்சா?

மீட்டர் சரியாகவே இருக்கலாம். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் போய் சென்சார் காற்றில் நின்றால் முள் ஏறாமலே இருக்கும், சில சமயம் இறங்கக்கூடச் செய்யும். ஹீட்டர் போட்டிருக்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று வந்தாலும் அதே காரணமாக இருக்கலாம். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

கசிவை சரி பண்ணியாச்சு, பச்சை கூலன்ட் இருந்துச்சு, சிவப்பு ஊத்திட்டேன். இப்ப சூடு ஏறுது.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. நிறம் என்பது வெறும் சாயம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. டப்பாவில் எழுதியிருக்கும் வகையைக் காரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வேறு வேறு வகை கலந்தால் துருத் தடுப்பு கெடும், சிலது கட்டி தட்டும். கலந்துவிட்டது என்றால் முழுவதையும் வடித்து, கழுவி, கனிமம் நீக்கிய தண்ணீரோடு புதிதாக நிரப்புங்கள்.

சூடு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்று. காரின் மூக்கைச் சற்று மேடாக நிறுத்தி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை திறந்து வையுங்கள். அளவு இறங்க இறங்க நிரப்பி, கொதிக்கும் முன் மூடிவிடுங்கள். மறுநாள் ஆறியதும் அளவை மறுபடி பாருங்கள், இன்னும் கொஞ்சம் கேட்கும்.

ஒரு இடத்தை அடைச்சா இன்னொரு இடத்துல ஒழுகுது. மெக்கானிக் ஏமாத்துறாரா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. பழைய ஓட்டை இருந்தவரை உள்ளே முழு அழுத்தம் ஏறவே இல்லை. அதை அடைத்ததும் மூடி சொல்லும் அழுத்தம் முதல்முறையாக முழுதாக நிற்கிறது, அடுத்து நலிந்திருக்கும் இடம் வாய் திறக்கிறது. புது ரேடியேட்டர் போட்ட மாதத்திலேயே ஹீட்டர் ஹோஸ் வெடிப்பது இதனால்தான். அதனால் ரேடியேட்டரையோ பம்ப்பையோ மாற்றும்போது எல்லா ஹோஸையும், தெர்மோஸ்டாட்டையும், மூடியையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்; கூலன்ட்டை எப்படியும் வடிக்கத்தான் போகிறார்கள். மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுக்கும் முன் அங்கேயே ஒரு பிரஷர் டெஸ்ட் செய்து, முள் கால் மணி நேரம் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள்.